ரோமன் பிளைண்ட் கிட்: கிளட்ச் நல்லது, மிச்சப் பெட்டியில் பாதி வேண்டாதது

மடிப்பு மடிப்பாக மேலேறும் துணி பிளைண்டை வீட்டிலேயே தைக்க நினைப்பவர்களுக்கென்று ஆன்லைனில் ஒரு பெட்டி விற்கிறார்கள். மேலே ஒட்டிய பெயர் மாறுமே தவிர, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். 4 அடி அலுமினியத் தலைச்சட்டம், அதற்குள் ஓடும் அச்சுக் கம்பி, கயிறு சுற்றும் 4 உருளைகள், அச்சைச் சுழற்றி நிறுத்தும் கிளட்ச் ஒன்று, அதை இழுக்கும் மணிச் சங்கிலி, 4 மி.மீ. கனத்தில் ஃபைபர் கம்பி நான்கு, அடிப்பட்டை ஒன்று, ஒரு பொட்டலம் பிளாஸ்டிக் ரிங், 1.4 மி.மீ. நைலான் கயிறு, ஒட்டும் வெல்க்ரோ, இரண்டு பிராக்கெட், நாலு ஸ்குரூ. துணி கிடையாது. அளவும் தையலும் நம் பாடு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொடுத்த காசுக்கு மதிப்புள்ளது தலைச்சட்டமும் அதற்குள் இருக்கும் கிளட்ச், உருளை செட்டும்தான். ஃபைபர் கம்பியும் ரிங்கும் பரவாயில்லை. சங்கிலி, வெல்க்ரோ, அடிப்பட்டை, ஸ்குரூ நான்கும் குமரி மாவட்டத்துக் காற்றுக்கு ஆகாது. அவற்றுக்கு மாற்றை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கிக்கொள்ளலாம். கிளட்ச் செட் மட்டும் உதிரியாகக் கிடைத்தால் பெட்டியே வேண்டாம்.

நம் ஊர் ஜன்னலுக்கு இந்த வகை பிளைண்ட் பொருந்துமா என்றால், பெரும்பாலும் பொருந்தும். கம்பி நிலையிலேயே இருக்கும், கதவு வெளியே திறக்கும், உள்பக்கம் காலி. 9 அங்குலச் சுவரில் நிலையை வெளிப்பக்கமாகத் தள்ளி வைத்திருந்தால் உள்ளே 4 அங்குலமாவது ஆழம் கிடைக்கும். தலைச்சட்டத்துக்கும் மடிந்த துணிக்கும் 6 செ.மீ. இருந்தால் போதும். சிக்கல் கொசுவலைக் கதவில் வரும். வலைக்கதவு உள்ளே திறப்பதாக இருந்தால் ஜன்னல் குழிக்குள் பிளைண்டை மாட்டவே முடியாது. அப்போது சுவரின் மேலே, திறப்புக்கு 20 செ.மீ. உயரத்தில் தலைச்சட்டத்தை ஏற்றி, பக்கத்துக்கு 5 செ.மீ. அகலம் கூட்டித் தைக்க வேண்டும். இதைப் பார்க்காமல் கிட் வாங்கிவிட்டுப் பிறகு வலையைக் கழற்றுவது பெரிய வேலை.

கிளட்ச்: வாங்கியதும் சோதிக்க வேண்டியது

சங்கிலியை இழுத்தால் அச்சு சுழலும், விட்டால் நிற்கும். நிறுத்துவது கிளட்சுக்குள் இருக்கும் சுருள் வில். அது சரியாக இருந்தால் பிளைண்ட் பாதி உயரத்திலும் நிற்கும். இல்லாவிட்டால் காலையில் ஏற்றியது மத்தியானத்துக்குள் ஒரு சாண் இறங்கியிருக்கும். தைத்து முடித்த 4 அடி பிளைண்ட் ஒன்றரை கிலோ வரும். எனவே துணியில் கத்தரி வைக்கும் முன்பே தலைச்சட்டத்தை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிறுகளில் 2 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு ஒரு இரவு விடுங்கள். காலையில் பை ஒரு செ.மீ. இறங்கியிருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்; தையல் முடியும்வரை காத்திருந்தால் கெடு தாண்டிவிடும்.

உருளைகளை அச்சுக் கம்பியில் இறுக்கும் சின்ன ஸ்குரூவையும் பாருங்கள். தளர்வாகவே வரும். ஒன்று நழுவினால் அந்தப் பக்கம் மட்டும் துணி பின்தங்கும். அதைத் தையல் கோளாறு என்று நினைத்துத் தைத்ததைப் பிரிப்பவர்கள் உண்டு.

தலைச்சட்டத்தை ஜன்னல் அகலத்துக்கு வெட்ட ஹேக்ஸா பிளேடு போதும். வெட்டிய வாயில் அரம் போடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அலுமினியப் பிசிறு நைலான் கயிற்றைச் சில மாதங்களில் அறுத்துவிடும்.

சங்கிலி, வெல்க்ரோ, ஸ்குரூ: உப்பின் கதை

கடலோரத்தில் இரும்புப் பொருள் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது? காற்றில் வரும் உப்புத்தூள் எல்லாவற்றின் மேலும் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழை படாத அறைக்குள்ளும் உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் உட்கார்ந்திருக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்து வீடுகளில் வருடத்தில் பாதி நாள் இதுதான் நிலை.

பெட்டியில் வரும் சங்கிலி நிக்கல் பூசிய இரும்பு. மணிகளுக்கு நடுவே உள்ள கம்பியில் துரு ஏறினால் சங்கிலி விறைக்கும், கிளட்சின் பல்லில் உட்காராமல் துள்ளும். அதற்குப் பதில் பிளாஸ்டிக் மணிச் சங்கிலி போடுங்கள். மணி 4.5 மி.மீ. கனமும், ஒரு மணியின் நடுவிலிருந்து அடுத்த மணியின் நடுவுக்கு 6 மி.மீ. தூரமும் இருக்க வேண்டும். பழைய சங்கிலியில் ஒரு சாண் வெட்டிக் கடைக்குக் கொண்டு போய் ஒத்துப் பாருங்கள். கண்ணளவில் வாங்கினால் பொருந்தாது.

வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் தலைச்சட்டத்தில் பசையால் ஒட்டி வருகிறது. மேற்கு ஜன்னலின் மே மாத வெயிலில் பசை இளகும், அடுத்து வரும் சாரலில் விட்டுப்போகும், ஒரு நாள் துணி மொத்தமாகத் தரையில் கிடக்கும். ரப்பர் பசையால் மறுபடி ஒட்டி, 30 செ.மீ.க்கு ஒரு ரிவெட் அடித்தால் நிற்கும். துணியில் தைக்க வேண்டிய மெத்தென்ற பக்கத்தைத் தையல் சாமான் கடையில் பசை இல்லாத வகையாகத் தனியே வாங்குங்கள். பசை உள்ளதை மெஷினில் தைத்தால் நாலு அங்குலத்துக்குள் ஊசி பிசுபிசுத்துத் தையல் விடத் தொடங்கும்.

ஸ்குரூவுக்கு 304 எவர்சில்வர், கடலுக்கு மிக அருகே என்றால் 316. நிலை ஆயினி மரமாக இருந்தால் 3 மி.மீ. துளை போட்டுவிட்டு முடுக்குங்கள். நேராக முடுக்கினால் எவர்சில்வர் தலை முறியும், மரம் விட்டுக்கொடுக்காது.

அடிப்பட்டை பெட்டியில் மெல்லிய இரும்பாகவோ, பெயின்ட் அடித்த மரப்பட்டையாகவோ வருகிறது. இரண்டும் ஈரத்தில் துணிக்குப் பழுப்புக் கறை கொடுக்கும். 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனத்தில் அலுமினியப் பட்டை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். 116 செ.மீ. துண்டு 235 கிராம் வரும். துணி நேராகத் தொங்க இது போதும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேறு கணக்கு. காற்றாலை நிற்கும் இடத்தில் ஆனி, ஆடியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பிளைண்ட் பாய்மரம்தான். 6 மி.மீ. கனப் பட்டை போட்டு, அதன் இரு முனைகளையும் சின்னக் கொக்கியால் நிலையோடு பிடித்துக் கட்டினால் ஓரளவு அடங்கும். உள்ளதைச் சொன்னால், காற்றுக்காகத் திறந்தே கிடக்கும் ஜன்னலுக்கு அங்கே சாதாரணத் திரைதான் சரி. ரோமன் பிளைண்டின் கம்பி நாள் முழுக்கச் சுவரில் தட்டும்.

துணியும் லைனிங்கும்

நம் கணக்குக்கு ஏற்றது 200 முதல் 280 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) வரை உள்ள, நெருக்க நெய்த பருத்தி. கோட்டாறு, மீனாட்சிபுரம் பக்கத்துக் கடைகளில் கரூர்த் துணி என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். வாங்கும் முன் இரண்டு சோதனை. துணியை மடித்து நகத்தால் கீறுங்கள். மடிப்பு நிற்க வேண்டும். எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் கோணலாக இழுத்து விடுங்கள். பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாத துணியை எவ்வளவு நேராக வெட்டினாலும் ஆறு மாதத்தில் ஒரு பக்கம் தொங்கும். சாட்டின் வேண்டாம், நீர்த்துளி பட்ட இடம் தெரியும். 350 ஜிஎஸ்எம் கித்தான் வேண்டாம், மூலையில் நாலு அடுக்கு சேரும்போது வீட்டு மெஷின் திணறும்.

லைனிங் இல்லாமல் தைக்கலாமா என்று கேட்பார்கள். தைக்கலாம், ஆனால் கம்பியும் ரிங்கும் பகல் வெளிச்சத்தில் எலும்புக்கூடு போலத் தெரியும், சாயமும் சீக்கிரம் வெளுக்கும். வடக்கு ஜன்னல்தானே என்று விடுவதும் தப்பு. நம் மாவட்டம் 8 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும். உச்சி வெயிலை சன்ஷேட் மறைக்கும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருவதை மறைக்காது.

கிழக்கு ஜன்னலுக்கு நல்ல லைனிங் ஒன்று வீட்டிலேயே இருக்கலாம்: புதிய 4 முழ வேட்டி. ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.27 மீட்டர் அகலம், 4 அடி ஜன்னலுக்கு ஒட்டுப் போடாமல் போதும். கரையை வெட்டிவிட்டுத் தைக்க வேண்டும். வெளிச்சம் வரும்போது கரைக்கோடு முன்பக்கம் நிழலாகத் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு வெளிச்சத்தை அடைக்கும் மூன்று பூச்சு பிளாக்அவுட் லைனிங்தான் வெயிலைத் தாங்கும். ஆனால் அது மூச்சு விடாத துணி. குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை மாதிரி இரண்டு பருவமழையும் கொட்டும் இடங்களில் துணிக்கும் அதற்கும் நடுவே ஈரம் தங்கிக் கரும்புள்ளி விழும். அங்கே பருத்தி பாப்ளின் போதும். இருட்டு கொஞ்சம் குறையும், துணி பிழைக்கும்.

இரண்டு துணியையும் தனித்தனியே நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். முன்துணி ஒரு அளவில், லைனிங் ஒரு அளவில் சுருங்கினால் முதல் துவைப்பில் ஓரம் முழுக்கச் சுருக்கு விழும். அதற்குப் பரிகாரம் கிடையாது. பிளாக்அவுட்டை மட்டும் நனைக்க வேண்டாம். பூச்சுள்ள பக்கத்தில் இஸ்திரிப் பெட்டியும் படக் கூடாது.

கணக்கு

தையலை விட இங்கேதான் பிளைண்ட் கெடுகிறது. ஜன்னல் குழியின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, குறைந்ததை எடுங்கள். உயரமும் அப்படியே. பூச்சு வேலை எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை; அரை அங்குல வித்தியாசம் சாதாரணம். இஞ்சி டேப்பின் துணி நீளும், ஸ்டீல் டேப் பிடியுங்கள்.

4 அடிக்கு நாலரை அடி ஜன்னலை எடுத்துக்கொள்வோம். குறைந்த அகலம் 121 செ.மீ., குறைந்த உயரம் 137. பக்கத்துக்கு அரை செ.மீ. விட்டு, தைத்து முடித்த பிளைண்டின் அகலம் 120, கீழே ஒரு செ.மீ. விட்டு நீளம் 136. கம்பி நான்கு. அடிப் பாகம் 16 செ.மீ., அதற்கு மேல் 30 செ.மீ. வீதம் நாலு பாகம். கூட்டினால் 136. அடியிலிருந்து 16, 46, 76, 106 என்ற இடங்களில் கம்பி வரும். 30 செ.மீ. பாகம் பாதியாக மடிந்தால் 15 ஆகும்; அடிப் பாகம் 16 என்பதால் மேலே ஏற்றியபோது அது ஒரு செ.மீ. வெளியே தெரியும். அந்த ஒரு செ.மீ.க்காகத்தான் இந்தக் கணக்கு. எல்லாப் பாகத்தையும் சமமாகப் பிரித்தால் அடி ஓரம் கீழே அரைச் சாணுக்கு மேல் தொங்கிக்கொண்டு பார்க்கச் சகிக்காது. முழுதும் ஏற்றிய பிளைண்ட் மேலே 20 செ.மீ., அதாவது கிட்டத்தட்ட 8 அங்குலம் இடத்தை அடைக்கும். வெளிச்சம் அவ்வளவு குறையும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

உங்கள் ஜன்னல் வேறு அளவென்றால், நீளத்தில் ஒரு செ.மீ. கழித்து, 4 கம்பிக்கு 9 ஆலும் 3 கம்பிக்கு 7 ஆலும் வகுங்கள். வருவது அரைப் பாகம். அதோடு கழித்த ஒரு செ.மீ. சேர்ந்தது அடிப் பாகம். இரண்டு அரைப் பாகம் சேர்ந்தது முழுப் பாகம். அரைப் பாகம் 12க்கும் 16க்கும் நடுவே வருவது பார்வைக்கு நன்றாக இருக்கும்.

முன்துணி வெட்டும் அளவு 130க்கு 145. பக்கத்துக்கு 5 செ.மீ. மடிப்பு, அடியில் 5, மேலே 2, மீதி 2 கடைசியில் சரிசெய்ய. சுருக்கத்தையும் சேர்த்து 1.6 மீட்டர் வாங்குங்கள். 54 அங்குல அகலத் துணிதான் வேண்டும், 48 அங்குலம் போதாது. லைனிங் 120க்கு 150.

வெட்டு, தையல்

கத்தரி வைக்கும் முன் ஊடை நூல் ஒன்றைத் தேடுங்கள். கரையில் சின்னதாக ஒரு வெட்டு கொடுத்து, ஒரு குறுக்கு நூலை ஊசி முனையால் தூக்கி மெதுவாக இழுத்தால் துணியின் குறுக்கே மெல்லிய சுருக்கு ஓடும். நூல் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்து அடுத்ததைப் பிடியுங்கள். உருவிய இடத்தில் தெரியும் கோடுதான் உண்மையான நேர்கோடு. ஸ்கேல் வைத்துச் சாக்பீஸில் போட்ட கோடு அதற்கு ஈடாகாது. கடையில் கிழித்தோ வெட்டியோ கொடுத்த விளிம்பை நம்பி ஆரம்பித்தால் இரண்டு செ.மீ. வரை கோணல் இருக்கலாம். அச்சுத் துணியில் மட்டும் விதிவிலக்கு: பூ வரிசை ஊடையோடு ஒத்துப்போகாவிட்டால் பூவைப் பின்பற்றுங்கள், கண்ணுக்குத் தெரிவது அதுதான்.

பக்க ஓரங்களை 5 செ.மீ. ஒற்றை மடிப்பாக மடித்து இஸ்திரி போட்டால் 120 அகலம் வரும். வெட்டு விளிம்பு லைனிங்குக்குள் மறைந்துவிடும் என்பதால் இரட்டை மடிப்பு தேவையில்லை. போட்டால் ஓரம் தடித்து மடிப்பு வளையாது. அடியில் 1 செ.மீ., பிறகு 4 செ.மீ. மடிப்பின் இடத்தை இஸ்திரியால் குறித்துவிட்டுத் துணியை மல்லாக்க விரித்து மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். 120க்கு 136 என்றால் இரண்டு மூலைவிட்டமும் 181.4 செ.மீ. வர வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் மறுபடி மடியுங்கள். இந்த ஒரு அளவை விட்டுவிட்டால், பிறகு வரும் எல்லாத் திருத்தமும் கயிற்றை இழுத்துக் கட்டிச் சமாளிக்கும் வேலைதான்.

கம்பிப் பைகள் லைனிங்கில் வரும். லைனிங்கின் பக்க ஓரங்களை 2 செ.மீ. மடித்துத் தைத்தால் அகலம் 116 ஆகும். பை ஒவ்வொன்றும் 3 செ.மீ. துணியைத் தின்னும் என்பதால் கோடுகளை அடியிலிருந்து இப்படிப் போடுங்கள்: 16, 19, 49, 52, 82, 85, 115, 118. ஜோடிக் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று சேர்த்து, அந்தக் கோட்டின் மேலேயே நேராகத் தையல் ஓட்டினால் ஒன்றரை செ.மீ. ஆழப் பை கிடைக்கும். நாலு பையும் தைத்ததும் லைனிங் 12 செ.மீ. குறைந்து, பைகள் 16, 46, 76, 106 என்று தாமாகவே வந்து நிற்கும். நிற்காவிட்டால் இப்போதே பிரித்துத் தையுங்கள்.

ஊசி 14 நம்பர், கனத்த துணிக்கு 16. நூல் பாலியஸ்டர், பருத்தி நூல் வெயிலில் சீக்கிரம் இற்றுவிடும். தையல் நீளம் 3 மி.மீ. பிளாக்அவுட்டில் குண்டூசி குத்தக் கூடாது, குத்திய ஓட்டை வெளிச்சத்தில் நட்சத்திரம் போல நிற்கும். துணி கிளிப் போட்டுப் பிடியுங்கள். அதன் பூச்சு மெஷின் காலில் ஒட்டி இழுத்தால் நடுவே டிஷ்யூ காகிதப் பட்டை வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுக்கலாம்.

லைனிங்கைப் பைகள் வெளியே தெரியும்படி முன்துணியின் உள்பக்கத்தில் பரப்பி, பக்கத்துக்கு 2 செ.மீ. உள்ளே தள்ளி, ஓரங்களைக் கையால் எம்மிங் செய்யுங்கள். லைனிங்கின் கீழ் விளிம்பு முன்துணியின் அடி மடிப்புக்குள் போக வேண்டும். அதன் பிறகுதான் அடி மடிப்பில் தையல். அந்தப் பைக்குள் அலுமினியப் பட்டை. மேலே, கீழிருந்து சரியாக 136இல் மடித்து, வெல்க்ரோவின் மெத்தென்ற பக்கத்தை இரண்டு வரிசைத் தையலில் ஏற்றுங்கள். நீளத்தில் மிச்சமிருக்கும் பிழையெல்லாம் இந்த மேல் விளிம்பில்தான் சரியாகும், அதனால் இதைக் கடைசியில் தைக்க வேண்டும்.

கம்பிகளை 114 செ.மீ.க்கு வெட்டுங்கள். ஃபைபரை வெட்டும்போது முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வெட்டும் இடத்தில் டேப் சுற்றி வெட்டுங்கள். தூள் கையில் ஏறினால் இரண்டு நாள் அரிக்கும். முனைக்கும் டேப் சுற்றாவிட்டால் பையைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

ரிங் நாலு வரிசை, வரிசைக்கு நாலு, மொத்தம் 16. இடது ஓரத்திலிருந்து 6, 42, 78, 114. பையின் விளிம்போடு மட்டும் ரிங்கைத் தைத்து, ஒவ்வொரு ரிங்கின் கீழும் லைனிங்கையும் முன்துணியையும் சேர்த்து, முன்பக்கம் ஒரே ஒரு இழை மட்டும் பிடிக்கும்படி ஒரு சின்னக் கைத்தையல் போடுங்கள். இது இல்லாவிட்டால் லைனிங் மட்டும் மேலேறும், முன்துணி வயிறு போல முன்னே தொங்கும்.

மாட்டிய பிறகு

உருளைகளை ரிங் வரிசைகளுக்கு நேர் மேலே நகர்த்தி இறுக்குங்கள். கயிறு ஒவ்வொன்றும் 1.6 மீட்டர், நாலுக்கும் 6.4 மீட்டர். கயிற்றைக் கட்ட வேண்டியது மிகக் கீழே உள்ள கம்பியின் ரிங்கில். அடிப்பட்டையில் கட்டினால் அடிப் பாகமும் மடிந்து கணக்கெல்லாம் வீணாகும். பிளைண்ட் முழுக்க இறங்கி நிற்கும்போதும் உருளையில் இரண்டு சுற்றாவது கயிறு மிச்சமிருக்க வேண்டும்.

லிண்டலில் துளை போடுவதென்றால் 6 மி.மீ. பிட், 35 மி.மீ. ஆழம். பெட்டியில் பிராக்கெட் இரண்டுதான் வருகிறது. பிளாக்அவுட் போட்ட 4 அடி பிளைண்டுக்கு நடுவே மூன்றாவது ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் தலைச்சட்டம் நடுவில் தொய்ந்து கிளட்ச் இறுகும். இதைப் பெட்டியிலேயே வைக்காதது கஞ்சத்தனம்தான்.

முதல் தடவை ஏற்றும்போது மடிப்பு முன்னும் பின்னும் தாறுமாறாக விழும். கையால் ஒவ்வொன்றாக முன்னே எடுத்துவிட்டு, முழுக்க ஏற்றி, துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டி மூன்று நாள் விடுங்கள். அதன்பின் துணியே பழகிக்கொள்ளும். மழை நாளில் மட்டும் இந்த வேலை வேண்டாம். ஈரத் துணியை மடித்துக் கட்டினால் மடிப்புக் கோட்டில் பூஞ்சை வரிசையாக விழும்.

ஒரு பக்கம் உயர்ந்து நின்றால் முதலில் பிளைண்டை முழுக்க இறக்கி, நாலு கயிறும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா என்று விரலால் தட்டிப் பாருங்கள். தளர்ந்ததை மட்டும் இறுக்குங்கள். அதற்குப் பிறகும் கோணல் என்றால் தலைச்சட்டத்தில் மட்டக்கோல் வையுங்கள். அதுவும் சரி என்றால் துணி சதுரத்தில் இல்லை. நடுவில் தொய்வு தெரிந்தால் 4 மி.மீ. கம்பி அந்த அகலத்துக்குப் போதவில்லை என்று பொருள், 120 செ.மீ. அகலம்தான் இந்தக் கம்பிக்கு எல்லை, 5 அடி ஜன்னலுக்கு இரண்டு பிளைண்டாகப் பிரித்துத் தைப்பது நல்லது.

கிளட்சே வேண்டாம், செலவைக் குறைக்க வேண்டும் என்பவர்கள் 2க்கு 1 அங்குல ரீப்பரில் வளைய ஸ்குரூ போட்டு, கயிறுகளை ஒரு பக்கமாகக் கொண்டுவந்து, சுவரில் கட்டும் கொக்கியில் சுற்றலாம். மேலே சொன்ன ஜன்னலுக்கு 13 முதல் 14 மீட்டர் கயிறு பிடிக்கும். குளியலறை, 3 அடிக்குக் குறைந்த ஜன்னல்களுக்கு இதுவே போதும். ரீப்பரைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம். நம்மூரில் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் சும்மா விடாது. ஆயினியோ தேக்கோ துண்டாகக் கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கடையில் ஆர்டர் கொடுப்பதோடு ஒப்பிட வேண்டுமானால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர்கள் சதுர அடிக்குத்தான் விலை சொல்வார்கள். நம் ஜன்னல் 18 சதுர அடி. சின்ன ஜன்னலுக்கும் குறைந்தபட்ச சதுர அடி என்று ஒன்று வைத்திருப்பார்கள், லைனிங் தனி, மாட்டுக்கூலி தனி. எல்லாம் சேர்த்த தொகையோடுதான் கிட், துணி, லைனிங் மூன்றின் விலையை ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஜன்னலுக்கு ஆர்டரே லாபமாகப்படலாம், ஒரு முழு நாள் போகும் வேலை இது. நாலு ஜன்னல் என்றால் வீட்டுத் தையல்தான். கணக்கு ஒரு தடவை போட்டால் போதும், மற்ற மூன்றும் சீக்கிரம் முடியும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சங்கிலியை அப்படியே மாட்டக் கூடாது. வளையமாகத் தொங்கும் சங்கிலி குழந்தையின் கழுத்தில் சிக்கும். பெட்டியோடு வருவது 90 செ.மீ. தொங்கும். லிண்டல் 7 அடி, அதாவது 213 செ.மீ. என்றால் சங்கிலியின் நுனி தரையிலிருந்து 123 செ.மீ.இல் நிற்கும், கட்டில் மேல் ஏறிய பிள்ளைக்கு அது கழுத்துயரம். மொத்தச் சுற்றை 120 செ.மீ.க்கு வெட்டி இணைத்தால் 60 தான் தொங்கும், நுனி 5 அடிக்கு மேலே போய்விடும். வளையம் என்பதால் பிளைண்ட் முழு நீளமும் ஏறி இறங்கும், இரண்டு இழுப்பு கூட இழுக்க வேண்டும், அவ்வளவுதான். இணைப்பானும் பலமாக இழுத்தால் விட்டுக்கொள்ளும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். அதோடு, கட்டிலையும் மேசையையும் அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

துவைக்க, வெல்க்ரோவைப் பிரித்துக் கயிற்றை ரிங்கிலிருந்து அவிழ்த்தால் துணி கையோடு வந்துவிடும். கம்பிப் பையின் ஒரு வாயை மட்டும் நாலு கைத்தையலில் மூடியிருந்தால் அதைப் பிரித்துக் கம்பியை உருவலாம். ரிங்கைப் பிரிக்க வேண்டாம். மெஷினில் போடாமல் வாளியில் ஊறவைத்து அலசி, நிழலில், கம்பிக் கோடுகள் கிடைமட்டமாக இருக்கும்படி காயப்போடுங்கள். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மாட்டி, பட்டையின் கனத்திலேயே முழுக்க இறக்கி ஒரு நாள் விட்டால் பருத்திக்கு இஸ்திரிகூடத் தேவைப்படாது.